கொடையில் சாமி ஆடுவது: ஊருக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சித்திரை தொடங்கி ஆவணி வரை திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் கொடை, அதாவது ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் திருவிழா, நடந்துகொண்டேயிருக்கும். சென்னையிலும் மும்பையிலும் வளர்ந்த பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து இறங்குவார்கள். நடுராத்திரியில் சொந்தப் பெரியப்பா அரிவாளோடு ஆடுவதைப் பார்த்து மிரண்டுபோய்க் கேள்வி கேட்பார்கள். வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். நான் பூசாரி இல்லை. கோயிலுக்கு வரி கொடுக்கிற தலைக்கட்டுகளில் (குடும்பத் தலைவர்களில்) ஒருவன், அவ்வளவுதான்.

கொடை எத்தனை நாள்? சாமி எப்போது வரும்?

அம்மன் கோயில் என்றால் பெரும்பாலும் திங்கள் இரவு சாமியைக் கோயிலுக்கு அழைக்கும் குடியழைப்பு, செவ்வாய்க்கிழமை கொடை, புதன்கிழமை முடிவு. சுடலைமாடன் போன்ற காவல் தெய்வங்களான மாடன்களின் கோயில்களில் பல வெள்ளிக்கிழமையை ஒட்டிக் கொடை வைக்கும். சில நாள் முன்பே பந்தலுக்குக் கால்நாட்டி விடுவார்கள். அப்போதிருந்து சாமியாடுகிறவர்களுக்கு விரதம். கொடையன்று மத்தியானம் உச்சிக்கொடை, நடுச்சாமத்தில் சாமக்கொடை. இரண்டிலும் சாமி வரும். ஆனால் ஊரே கூடி நிற்பது சாமக்கொடைக்குத்தான். மத்தியானப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர்கள் பாதிக் கொடையைத்தான் பார்த்தவர்கள்.

சாமி யாருக்கு வரும்?

எல்லோருக்கும் வராது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஆடுவதற்கு உரிமைப்பட்ட ஒருவர் இருப்பார். கோமரத்தாடி என்பார்கள், சாமிகொண்டாடி என்றும் சொல்வதுண்டு. பொதுவாக ஒரு குடும்பத்துக்குள்ளேயே வழிவழியாக வரும். அப்பா ஆடியிருப்பார், அவர் காலத்துக்குப் பின் மகனுக்கோ தம்பி மகனுக்கோ வரும். மூத்த மகனுக்குத்தான் வர வேண்டும் என்று கணக்கில்லை. மூத்தவர் வங்கி அதிகாரியாக ஓரமாய் நின்றுகொண்டிருக்க, மாடு மேய்க்கிற கடைசித் தம்பிக்கு வந்துவிடும். அந்த ஒரு ராத்திரி அண்ணன் தம்பி காலில் விழுந்து திருநீறு வாங்க வேண்டும். குடும்பத்துக்குள் இது என்னென்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கோமரத்தாடி இறந்து, அடுத்தவர் யாரென்று தெரியாமல் நாலைந்து கொடை வெறுமனே போவதும் உண்டு. வரிதாரர்கள் கூடிப் பேசுவார்கள், சாமி உத்தரவு கேட்டுப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரும் தானாக முன்வந்துவிட முடியாது. வந்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ளாது.

வில்லுப்பாட்டு நடக்கும்போதே சாமி வருகிறதே, ஏன்?

இந்தக் கேள்வி கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வில்லுக்காரர்கள் பாடுவது சும்மா பொழுதுபோக்கு இல்லை. எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையைப் பிறப்பிலிருந்து பாட வேண்டும். சுடலைமாடன் கதை என்றால் கயிலாயத்தில் பார்வதி முந்தானையை ஏந்தி விளக்குச் சுடரில் பிள்ளை கேட்டதிலிருந்து தொடங்கும். அந்தப் பிள்ளை ராத்திரி எழுந்துபோய்ச் சுடுகாட்டில் பிணம் தின்றது, கயிலாயத்தை விட்டுப் பூமிக்கு அனுப்பப்பட்டது என்று கதை நகரும். அண்ணாவியார் வீசுகோலால் வில்லை அடிக்க, பக்கத்தில் குடமும் உடுக்கும் சேர, பின்னால் இருப்பவர்கள் ‘ஆமா’ போட, மணிக்கணக்காகப் போகும்.

சாமியை அழைக்க வேண்டிய இடம் வந்ததும் பாட்டு மாறிவிடும். கதை சொல்வது நின்று, சாமியை நேரே பார்த்துக் கூப்பிடும் வரத்துப் பாட்டாகிவிடும். தாளம் ஏறும். அதுவரை ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த மனுஷனின் தோள் முதலில் குலுங்கும். அப்புறம் தொடை. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து விலகி இடம் விடுவார்கள், ஒருவர் மட்டும் பின்னால் நின்று பிடித்துக்கொள்வார். ஒரு கூச்சல். சல்லடம் என்ற அரைக்கால் உடுப்பைக் கட்டி, குல்லாய் வைத்து, மேலெல்லாம் மஞ்சள் கலந்த மஞ்சணை பூசி, பிச்சிப்பூ மாலை போட்டுக் கையில் வல்லயம் என்ற ஈட்டியைக் கொடுத்த பிறகு, டீக்கடையில் நேற்றுப் பார்த்த ஆள் அவர் இல்லை.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். கயிலாயத்தில் பிறந்த சாமிகளைவிட, மனிதராகப் பிறந்து வெட்டுப்பட்டும் வஞ்சிக்கப்பட்டும் செத்துத் தெய்வமானவர்களின் கதையில்தான் ஆட்டம் உக்கிரமாக இருக்கும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணப் பையன், செருப்புத் தைக்கிறவர் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்காகத் தானும் செருப்புத் தைக்கப் போனவன். மாமனாரின் மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். அங்கே இன்றைக்கும் நேர்த்திக்கடன் தோல் செருப்புதான். ஆடி அமாவாசைக்குப் போனால் செருப்புகள் தொங்குவதைப் பார்க்கலாம். ராத்திரி அவற்றைப் போட்டுக்கொண்டு அவன் காட்டில் நடக்கிறான், அதனால்தான் அடி தேய்ந்திருக்கிறது என்பார்கள். வில்லில் அவன் குத்துப்பட்டு விழும் இடம் வரும்போது கூட்டத்தில் பெண்கள் அழுவதைக் கேட்டிருக்கிறேன். அநியாயமாகச் செத்தவனை ஊர் மறக்கவில்லை என்று அவனுக்கே சொல்லும் ராத்திரி அது.

கணியான் கூத்து என்கிறார்களே, அது வேறா?

வேறு. பெரும்பாலும் சுடலை கோயில்களில் நடக்கும். கணியான் என்ற பழங்குடி மக்கள் மட்டுமே செய்வது. மகுடம் என்ற பறை, அதில் உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். சாமக்கொடையில் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் சடங்கும் உண்டு. பார்க்க மனசு தாங்காதவர்கள் தள்ளி நிற்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நேரடியாகக் கேட்கிறேன். சாமி வருவது உண்மையா, நடிப்பா?

நேரடியாகவே சொல்கிறேன். நடிக்கிறவர்கள் உண்டு. அது ஊருக்கும் தெரியும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், கிராமத்துக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் சாமியை இவ்வளவு சந்தேகப்படுகிறவர்கள் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். புதிதாக ஒருவருக்கு வந்தால் வயசானவர்கள் சுற்றி நின்றுகொண்டு விடாமல் கேட்பார்கள்: “வந்திருக்கது யாரு? எங்கிருந்து வந்த? உனக்கு இங்க பீடம் எது?” ஒரு பொருளை ஒளித்து வைத்துவிட்டு எடுத்துத் தரச் சொல்வார்கள். கோயில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பதில் சரியில்லை என்றால், “ஏய், இவன போய்த் தண்ணியக் குடிக்கச் சொல்லுங்கல” என்று ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார். அதோடு சரி.

ஏற்றுக்கொண்ட பிறகும் சோதனை நிற்பதில்லை. கொதிக்கிற மஞ்சள் தண்ணீரைக் கமுகம்பாளையால் அள்ளி மேலில் அடித்துக்கொள்வதை, இன்னார் எப்படிச் செய்தார், யார் தயங்கினார் என்று அடுத்த கொடை வரை பேசுவார்கள். விரதத்தில் ஒருவர் கறிக்கடைப் பக்கம் நின்றதைப் பார்த்த கண்கள் நூறு இருக்கும்.

அப்படியானால் நடிக்காதவர்களுக்கு வருவது என்ன? நாள்கணக்கில் விரதம், தூக்கமில்லாத இரவு, காதுக்குப் பக்கத்தில் மேளம், சின்ன வயசிலிருந்து அப்பா ஆடியதைப் பார்த்த உடம்பு, தன் முறை வந்துவிட்டது என்று சுற்றி நின்று பார்க்கிற ஊர். இவையெல்லாம் சேர்ந்தால் மனிதனின் நினைவு இடம் மாறும் என்பதை மருத்துவம் மறுக்கவில்லை. அதற்கு மேலே ஒன்று இருக்கிறதா என்பதை நம்புகிறவர் நம்பலாம். என் பெரியம்மாவிடம் இதைக் கேட்டபோது, “வந்ததால்ல ஆடுதான், வராமலா ஆடுவான்” என்றாள். அவளுக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஆனால் திருநீறு வாங்கக் கை நீட்டும்போது நான் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

சாமியிடம் குறி (அருள்வாக்கு) கேட்கும்போது எப்படிப் பேச வேண்டும்? என்ன கேட்கலாம்?

செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றால் போதும். பெரும்பாலும் சாமியே கூப்பிடும். சாமி எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேசும். வயசு, உத்தியோகம் எதுவும் கிடையாது. “ரெண்டு வருசமா எங்கல போன?” என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நீங்களும் சாமியை ஒருமையிலேயே பேசலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

சண்டை போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அரிவாளோடு நிற்கிற சாமியின் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டி, “உனக்கு வருசா வருசம் பொங்கலிட்டேனே, அன்னைக்கு நீ எங்க போயிருந்த?” என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். மேளம் நின்றுவிட்டது. சாமி பதில் சொல்லவில்லை. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. யாரும் அவளை இழுத்துப் போகவில்லை.

கல்யாணம், வேலை, வீட்டுச் சண்டை, வெளியூர்ப் பயணம் எல்லாம் கேட்பார்கள். களவு போனதைக் கேட்பதைத் தவிருங்கள். எடுத்தது யார் என்று சாமி வாயிலிருந்து ஒரு பெயர் வந்துவிட்டால் இரண்டு குடும்பம் தலைமுறைக்கும் பேசாது. அதேபோல, ஆபரேஷன் செய்யலாமா, மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்காதீர்கள். விவரம் தெரிந்த கோமரத்தாடிகள், “ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கூட வாரேன்” என்றுதான் சொல்வார்கள். விவரம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் நிற்கும்போது எனக்கோ என் மனைவிக்கோ திடீரென்று வந்துவிட்டால்?

பயப்பட வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். உரிமைப்பட்ட கோமரத்தாடி அல்லாத ஒருவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மேளச் சத்தத்தில் அருள் வரும். தலைமுடி அவிழும், உடம்பு சுழலும். பக்கத்தில் இருக்கிற பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள், சேலையைச் சரிசெய்வார்கள். திருநீறு பூசித் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, கீழே கிடக்கும் தேங்காய் ஓடு, தீச்சட்டி, அரிவாள் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது. இறங்கிய பிறகு குடிக்க ஏதாவது கொடுங்கள். விரதத்தில் வெறும் வயிற்றோடு நிற்பவர்கள் மயங்கி விழுவதும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

சாமி வருவதற்கும் பேய் பிடிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

சாமியை வா என்று கூப்பிடுகிறோம், பேயைப் போ என்று விரட்டுகிறோம். சாமிக்கு நாளும் இடமும் உண்டு, பேய்க்குக் கிடையாது. சாமி பேசினால் ஊருக்குப் பேசும், பேய் பேசினால் அந்த வீட்டுக்குள் இருக்கும் கதையைப் பேசும். பெரும்பாலும் தூக்குப் போட்டுக்கொண்டவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், பிரசவத்தில் போனவர்கள் என்று ஆயுசு முடியாமல் செத்தவர்களின் பெயரைத்தான் சொல்லும். பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமியார் முன்னால் வாயைத் திறக்க முடியாத பெண், பேய் பிடித்தால் அதே மாமியாரை வாடி போடி என்கிறாள். அவள் சொல்வதை அப்போதுதான் வீடு காது கொடுத்துக் கேட்கிறது. பேயோட்டும் கோடாங்கி உடுக்கையடித்து முடியை மரத்தில் ஆணியடித்துவிட்டு வந்த பிறகும், வீட்டில் நிலைமை மாறவில்லை என்றால் பேய் திரும்பி வருவதில் ஆச்சரியம் இல்லை.

இது இந்துக் கோயில்களோடு நிற்பதும் இல்லை. உவரியிலும் புளியம்பட்டியிலும் அந்தோணியார் கோயில்களில் எல்லா மதத்தாரும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கும் அப்படித்தான்.

மனநோயைச் சாமி, பேய் என்று சொல்லி வைத்திருப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்கிறது. இப்போது ஏர்வாடியில் மருந்தும் துவாவும் (தர்கா பிரார்த்தனையும்) சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநல மறுவாழ்வு இல்லமே இருக்கிறது. கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டு டாக்டரிடம் வா என்றால் வரமாட்டார்கள், இரண்டுக்கும் வா என்றால் வருவார்கள். அதுதான் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

கொடையில் ஆடுவது நோயா என்று கேட்டால், இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வரும் ஆவேசத்தை நோயாகக் கொள்ளக்கூடாது என்றுதான் இருக்கிறது. கொடை முடிந்து புதன்கிழமை வயலுக்குப் போய்விடுகிறாரா, வழக்கம்போல் பேசிச் சிரிக்கிறாரா என்று பாருங்கள். தூங்காமல், சாப்பிடாமல், யாருமில்லாத நேரத்தில் குரல் கேட்கிறது என்றால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போனால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது?

சங்க காலத்திலேயே இருக்கிறது. மகள் மெலிந்து போனால், முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று தாய், முருகனுக்குச் சாமியாடும் வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைப்பாள். குறுந்தொகை 362ஆம் பாட்டில் தோழி வேலனைப் பார்த்து, கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன் என்று ஆரம்பிக்கிறாள். ஆட்டுக்குட்டியை அறுத்துப் பலி கொடுக்கிறாயே, இவளை இப்படி ஆக்கிய மலைநாட்டுக்காரனின் மார்பும் அந்தப் பலியைத் தின்னுமா என்கிறாள். பெண்ணுக்கு வந்திருப்பது காதல் என்று அவளுக்குத் தெரியும். சிலப்பதிகார வேட்டுவ வரியில் வேட்டுவப் பெண்ணான சாலினி மேல் கொற்றவை வந்து பேசுகிறாள். ஆக, சாமியாடியும் இங்கேதான் இருந்தான், அவன் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவளும் இங்கேதான் இருந்தாள்.

கிடா வெட்டுவது சட்டப்படி சரியா?

தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டிலிருந்து கோயில் பலியைத் தடுக்கும் சட்டம் ஒன்று இருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003இல் அரசு அதைக் கறாராக அமல்படுத்தச் சொன்னதும் கிராமங்களில் பெரிய கொந்தளிப்பு. 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். இப்போது தடை இல்லை. விருப்பமில்லாத குடும்பங்கள் பூசணிக்காய் வெட்டுகிறார்கள், சாமி அதற்கும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சாராயம், சுருட்டு படைக்கிறார்களே?

மாடனுக்குப் பிடித்தது அதுதான். படைத்ததைக் குடித்துவிட்டு ரகளை பண்ணுகிறவர்களுக்குச் சாமி பொறுப்பில்லை.

நடுராத்திரி வேட்டைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். சுடலை வேட்டைக்குப் போகிறது என்றால் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு ஓடும். கூடவே ஓடுவதற்கு ஊரில் தைரியமான சிலர் மட்டும்தான் போவார்கள். வழியில் இருக்கிற வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ரத்தம் கலந்த சோற்றுத் திரளையை இருட்டில் மேலே எறிவார்கள், அது கீழே விழாது என்பது நம்பிக்கை. இருட்டில் வரப்பிலும் முள்ளிலும் ஓடிக் கால் முறிந்தவர்களைத் தெரியும். குழந்தையோடு பந்தலிலேயே இருங்கள்.

எங்கள் சித்தப்பா குடும்பம் கிறிஸ்தவர்கள். அவர்களைக் கூப்பிடலாமா?

பல ஊர்களில் வருகிறார்கள். சிலர் வரியும் கொடுக்கிறார்கள், திருநீறு மட்டும் வாங்க மாட்டார்கள். கூப்பிடுங்கள், வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். சாப்பாட்டுப் பந்தியில் யாரும் மதம் கேட்பதில்லை.

ஏன் ஒவ்வொரு கொடைக்கும் போலீஸ் நிற்கிறது?

மரியாதைத் தகராறுதான். முதல் மரியாதை யாருக்கு, ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், யார் வரி வாங்கப்படும், யார் வரி வாங்கப்படாது. தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு நடக்காத கொடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. செருப்புத் தைக்கிறவர் வீட்டில் பெண் எடுத்தவனைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற அதே பகுதியில், ஒரு தெருக்காரரைக் கோயில் வாசலோடு நிறுத்துகிறோம். இதற்கு எந்தக் கோமரத்தாடியும் இதுவரை என் காதுபட வாய் திறந்து குறி சொன்னதில்லை.

செல்போனில் வீடியோ எடுக்கலாமா?

முன்பெல்லாம் அடி விழும். இப்போது எல்லோரும் எடுக்கிறார்கள், சில கோயில்களுக்கு யூடியூப் சேனலே இருக்கிறது. ஆனாலும் அருள் இறங்குகிற நேரத்தில் முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிக்காதீர்கள். பெண்கள் ஆடுவதை எடுத்துப் போடவே போடாதீர்கள். காலையில் அந்தப் பெண் வேலைக்குப் போக வேண்டும்.

எங்களுக்குக் குலதெய்வம் எதுவென்றே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜோசியரிடம் போவதற்கு முன்னால் அப்பா வழியில் உயிரோடு இருக்கும் வயசான அத்தைகளிடம் கேளுங்கள். ஆண்கள் மறந்திருப்பார்கள், பொங்கலிட்ட பெண்களுக்கு ஊரும் மரமும் ஞாபகம் இருக்கும். முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள், கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் எந்தச் சாமி பெயர் போட்டார்கள் என்று பாருங்கள். பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சொக்காரர்கள் (பங்காளிகள்) எந்தச் சாஸ்தா (அய்யனார்) கோயிலுக்குப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தச் சாஸ்தாவைச் சுற்றி இருக்கிற பீடங்களில் ஒன்று உங்களுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு. பூசாரியிடம் தாத்தா பெயரையும் ஊரையும் சொன்னால், பல கோயில்களில் பழைய வரி நோட்டை எடுத்துப் பார்ப்பார். பெயர் இருந்தால், விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்து வரி கேட்பார். பேரம் பேசலாம்.